பேலூர் டூருக்குப் போகாத பெண்ணுக்கு மாற்று அசைன்மென்ட்: பெங்களூருக்குள்ளேயே எதைப் பார்த்து எழுதலாம்?

உல்சூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ.யில் பெயின்டிங் எடுத்திருக்கிறாள். செய்முறைக்கு 70, தியரிக்கு 30. அந்த முப்பதும் இந்தியக் கலை வரலாறுதான். போன மாதம் வகுப்பே கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சள அரசர்களின் கோயில்களைப் பார்க்க பேலூர், ஹளேபீடு போய் வந்தது. இவளுக்கு அம்மை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பள்ளிக்கு அனுப்பும்போது டூரும் முடிந்துவிட்டது, டூரை வைத்துச் செய்த குழு புராஜெக்ட்டும் முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் ஐந்தைந்து பேராகச் சேர்ந்து தெர்மகோலில் அந்தக் கோயில்கள் நிற்கிற நட்சத்திர வடிவ மேடையைச் செய்து கொடுத்து மதிப்பெண் வாங்கிவிட்டார்கள்.

இவளுக்கு மட்டும் மாற்று அசைன்மென்ட். தலைப்பு "ஹொய்சளர் காலக் கலை". பத்துப் பக்கம் கையால் எழுத வேண்டும், படங்களும் தானே வரைந்ததாக இருக்க வேண்டும், நெட்டிலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. இதில் ஏதாவது ஒரு பகுதியாவது நேரில் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு பேலூருக்கே போய் வந்துவிடலாம் என்கிறார் அவள் அப்பா. போக மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். உடம்பு இன்னும் தேறவில்லை, வெயிலில் அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். "யூடியூபில் பார்த்தாலும் பார்த்ததுதானே" என்று இன்னொரு யோசனை, அதுவும் அவருடையதுதான். பெங்களூருக்குள் ஹொய்சளர் சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா? ஐந்து பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டுகிறார்களே, இதைப் பள்ளியில் கேட்கலாமா?

பாலு, பிரேசர் டவுன்

தாராளமாகக் கேளுங்கள் மேடம். ஆனால் நேரில் போய்ச் சண்டை போடாமல் டைரியில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். "உடல்நிலை காரணமாகப் பத்துப் பக்கத்துக்குப் பதில் ஆறு பக்கம் தரலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். என் பையனுக்குக் கை முறிந்தபோது அப்படித்தான் நடந்தது.

பேலூர் தூரம் என்றால் சோமநாதபுரம் போகலாம், மைசூர் பக்கம். 1258இல் கட்டிய கோயில், ஹொய்சளர் வேலைப்பாடு முழுசாக இருக்கிறது. 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றையும் சேர்த்துத்தான். அதுவும் முடியாது என்றால் சிக்பேட்டையில் ரெடிமேட் மாடல் விற்கிறார்கள், வாங்கி பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுங்கள். எத்தனை பேர் செய்கிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள்!

கரித்துண்டு

நான் பார்ப்பேன், பாலு சார்! இதே ஊரில் ரொம்ப வருடம் டிராயிங் டீச்சராக இருந்துதான் ரிடையர் ஆனேன். சிக்பேட்டை மாடலை ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லா வருடமும் அதே பச்சைப் புல்தரை, அதே பிளாஸ்டிக் தென்னை மரம்.

உல்சூர்க்காரி அம்மா, உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடும் தூரத்தில் தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. டொம்லூர் என்று போர்டில் இருக்கும். அந்தப் பக்கம் தினம் போகிறவர்களுக்கே அங்கே தமிழ்க் கல்வெட்டு இருப்பது தெரியாது. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள். 1270ஆம் வருடத்தது ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால் செய்து கொடுத்ததைச் சொல்கிறது. 1290ஆம் வருடத்தது இன்னொன்று, அதில் போசள மன்னர் பெயரே வருகிறது. போசளர் என்றால் வேறு யாரும் இல்லை, தமிழ்க் கல்வெட்டுகளில் ஹொய்சளருக்கு அதுதான் பெயர்.

பெங்களூரில் ஹொய்சளருக்கு எதற்குத் தமிழ் என்று பிள்ளை கேட்பாள். கேட்கட்டும், அசைன்மென்ட்டில் பாதி அங்கேதான் இருக்கிறது. சோமேசுவரன் என்ற ஹொய்சள மன்னன் ராஜ்யத்தை இரண்டு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். மூன்றாம் நரசிம்மனுக்கு ஹளேபீடு பக்கம், ராமநாதனுக்குத் தெற்குப் பக்கம். ராமநாதனின் தலைநகர் திருச்சி பக்கத்துக் கண்ணனூர். சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறோமே, அதை ஒட்டின ஊர்தான். அங்கே போசளீசுவரம் என்று சிவன் கோயிலே இருக்கிறது. அதைப் பார்த்தால் ஹொய்சளர் கோயில் என்று சொல்லவே மாட்டீர்கள். நட்சத்திர மேடையும் கிடையாது, பேலூரில் தூண் தலையில் சாய்ந்து நிற்கிற பெண் சிலைகளான மதனிகைகளும் கிடையாது. கருங்கல்லில் நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்: ஒரே வம்சம், ஒரு பக்கம் பேலூர், இன்னொரு பக்கம் இந்த மாதிரிக் கருங்கல் கோயில். ஏன்? அரசன் யார் என்பதோடு உள்ளூரில் என்ன கல் கிடைத்தது, உளி பிடித்தவன் எந்த ஊர்க்காரன் என்பதும் ஒரு கோயிலை உருவாக்குகிறது. பேலூரிலும் ஹளேபீட்டிலும் இருப்பது மாக்கல் வகை. வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டு நாளாக ஆகத்தான் இறுகும். அதனால்தான் அங்கே சிலையின் வளையலுக்கும் விரலுக்கும் நடுவே உளியை விட்டுக் குடைய முடிந்தது. தூணைக் கடைசல் பிடித்து வட்ட வட்டமாக வளையம் எடுக்கவும் முடிந்தது. கருங்கல் அதற்கெல்லாம் மசியாது. சதுரம், எட்டுப்பட்டை, மறுபடி சதுரம் என்று பெரிய பெரிய வடிவங்களாகத்தான் போகும். சிற்பி திறமை குறைந்தவன் என்று அர்த்தம் இல்லை, கல் கேட்கிற வேலை அது.

டூர் போன பிள்ளைகளில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துவிட்டு வந்திருப்பார்கள், ஒரு தூணை அரை மணி நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் பெண் தொம்மலூரில் ஒரே ஒரு தூணைப் பார்க்கட்டும். அடியிலிருந்து மேலே வரை சாண் கணக்கில் அளக்கட்டும். எங்கே சதுரம் முடிகிறது, எங்கே பட்டை தொடங்குகிறது என்று 2பி பென்சிலில் ஓரங்களை மட்டும் வரையட்டும். ஷேடிங்கெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கல்வெட்டு பார்க்க ஒரு வழி சொல்கிறேன். செல்போன் டார்ச்சை நேருக்கு நேர் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மாவு, சாக்பீஸ், கரி எதையும் கல்லில் தேய்க்க வேண்டாம். பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்க்கிற வேலையும் வேண்டாம். போனதும் அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பத்துப் பக்கம் குறைப்பது பற்றி: கேளுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது தலைப்பை. "ஹொய்சளர் காலக் கலை" என்றால் ஒரு புத்தகமே எழுதலாம். "பேலூரும் தொம்மலூரும்: இரண்டு கற்கள்" என்று சுருக்கிக்கொள்ளலாமா என்று மிஸ்ஸிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்று யாரும் மதிப்பெண்ணில் கை வைக்க முடியாது.

விநோத் (சித்ரகலா பரிஷத்)

டீச்சர் சொன்னது சூப்பர். அக்கா, இன்னும் ஒரு ஐடியா. கஸ்தூரிபா ரோடு அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல் இருக்கிறது, அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். 949ஆம் வருடத்தது. காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப் போயின. அந்த நாய்க்காக நட்ட கல், நாயும் பன்றியும் சண்டை போடுவது மேலேயே செதுக்கியிருக்கும். அதே கல்லில்தான் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்த செய்தியும் வருகிறது. "யானைமேல் துஞ்சிய தேவர்" என்கிறோமே, அவர்தான். அரக்கோணம் பக்கத்துத் தக்கோலம். போரில் ஜெயித்த கங்க மன்னன் பூதுகனிடம் அவனுடைய வீரன் ஒருவன் பரிசாகக் கேட்டு வாங்கிய நாய் அது. பத்து வரி எழுதினாலே மிஸ் அசந்துவிடுவார்கள். போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கரித்துண்டு

தம்பி, கல் அருமையான கல்தான், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது கங்கர், ராஷ்டிரகூடர் காலம். ஹொய்சளர் தலையெடுப்பதற்கு முன்னால். ஹொய்சளர் அசைன்மென்ட்டில் கொண்டுபோய்ச் சொருகினால் தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று நானே சிவப்பு மையில் சுழித்திருப்பேன். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே எல்லாவற்றையும் போட்டு நிரப்புவது இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய வியாதி. அந்தக் கல்லை அடுத்த புராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

விநோத் (சித்ரகலா பரிஷத்)

ஒரு பாரா கூடவா கூடாது டீச்சர்? கல்லில் கதை சொல்வது என்று பார்த்தால் ஹளேபீடு சுவரில் ராமாயணம், மகாபாரதம் வரிசையாக வருகிறதே. அதற்கு முன்னோடி என்று காட்டலாமே?

கரித்துண்டு

முன்னோடி என்றால் எப்படி முன்னோடி என்று நிரூபிக்க வேண்டும். அது எம்.ஏ. பிள்ளைகள் வேலை. வேண்டுமானால் ஒப்பீடாக ஒரு பாரா எழுதட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

உல்சூர்க்காரி

டீச்சர், விநோத் தம்பி, பாலு சார், எல்லோருக்கும் நன்றி. மிஸ் தலைப்பை மாற்ற ஒத்துக்கொண்டார்கள், எட்டுப் பக்கம் போதும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் தொம்மலூர் போனோம். அர்ச்சகர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார். போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுகிற கூட்டம் என்று நினைத்திருப்பார் போல. டிராயிங் போர்டைப் பார்த்ததும் அவரே மின்விளக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் "அம்மா, இது 'க' தானே!" என்று இவள் போட்ட சத்தத்தில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்த பாட்டி நின்றுவிட்டார். பள்ளியில் இந்தியும் கன்னடமும் படிக்கிற பெண், தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான். க, ப, ம, ட எல்லாம் கண்டுபிடித்துவிட்டாள், சொல்லாகச் சேர்த்துப் படிக்கத்தான் வரவில்லை. எனக்குமே வரவில்லை, புள்ளி வைத்த எழுத்து ஒன்றைக்கூடக் காணோம்.

தூணை வரைந்திருக்கிறாள். சாண் கணக்கு எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாள். பட்டை திரும்புகிற இடத்தில் ரப்பர் வைத்து அழித்து அழித்துத் தாளே பஞ்சாகிவிட்டது. வேறு தாளில் சுத்தமாகத் திரும்ப வரைந்து தருகிறேன் என்கிறாள். பேலூர்த் தூணை எதைப் பார்த்து வரைவது என்றும் கேட்கிறாள். அவள் நேரில் பார்க்கவில்லையே.

கரித்துண்டு

பஞ்சான தாளையே வைக்கச் சொல்லுங்கள். நேரில் நின்று வரைந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கீழே இடம், தேதி, எத்தனை மணிக்கு வரைந்தாள் என்று எழுதட்டும். சுத்தப் பிரதி வேண்டுமானால் பக்கத்தில் இருக்கட்டும்.

புள்ளி இல்லாததற்குக் கவலைப்பட வேண்டாம், அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்பதையும் படிக்கிறவர்தான் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பேலூர்த் தூணை டூர் போன தோழிகளின் போட்டோவைப் பார்த்து வரையட்டும், "தோழி எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது" என்று கீழே எழுதிவிட்டால் சரியாகிவிடும். கோயில் 1117இல் விஷ்ணுவர்த்தனன் கட்டியது என்பதோடு நிறுத்தாமல், சிற்பிகள் சிலர் சிலைக்குக் கீழே பெயர் பொறித்திருப்பதையும் எழுதட்டும். பள்ளிகாவியிலிருந்து வந்த தாசோஜன், அவன் மகன் சாவணன் என்று அப்பாவும் பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள்.

வைவா (வாய்மொழித் தேர்வு) இருந்தால் பேலூர்க் கோயிலுக்கு மேலே ஏன் விமானம் இல்லை என்று கட்டாயம் கேட்பார்கள். செங்கல், சுண்ணாம்பு, மரத்தால் ஆன மேல்பகுதி இருந்தது, கீழே கருவறை பாரம் தாங்காது என்று 19ஆம் நூற்றாண்டில் பிரித்துவிட்டார்கள். இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.