புதுப்பிப்பு: வைக்கோல் கொதிகலனில் கயோலின் கலந்த பிறகு

எங்கள் ஆலைக் கொதிகலனில் வைக்கோல் சாம்பல் உருகி, கிரேட்டின் (எரிபொருள் எரியும் கம்பித் தட்டு) மேல் பாறையாக இறுகுவதைச் சொல்லி, சுண்ணாம்பு சேர்ப்பதா கயோலின் (வெள்ளைக் களிமண்) சேர்ப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். எரிபொருளின் எடையில் நூற்றுக்கு 3 பங்கு கயோலின் தூளைக் கலந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். கடப்பாறையால் இடித்தெடுத்த கண்ணாடி போன்ற கட்டிகள் போய், இப்போது விரலால் நசுக்கினாலே உதிரும் சாம்பல்தான் விழுகிறது.

வைக்கோலிலுள்ள பொட்டாசியம், மணலில் இருப்பது போன்ற சிலிக்காவுடன் சேர்ந்தால், 800 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகத் தொடங்கும் சிலிகேட் உண்டாகிறது. கயோலினோ அதே பொட்டாசியத்தைப் பிடித்து, 1500 டிகிரிக்கு மேல்தான் உருகும் அலுமினோசிலிகேட்டாக மாற்றிவிடுகிறது. குழாய்களை அரிக்கும் பொட்டாசியம் குளோரைடும் இதனால் குறைகிறது. ஆனால் விடுபடும் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகப் புகையில் கலப்பதையும், அள்ள வேண்டிய சாம்பல் கூடுவதையும் சொல்லியாக வேண்டும்.

சுண்ணாம்பும் கட்டியாவதைக் குறைக்கும். எனினும் அது பொட்டாசியத்தைச் சிலிகேட்டிலிருந்து விடுவித்துப் புகையோடு மேலே அனுப்பக்கூடும் என்பதால், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களைக் கருதி அதைத் தவிர்த்தேன்.