செருப்பு கடிப்பது போல ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) கடித்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

கடற்குருவி:
ஸ்கூபா சான்றிதழ் வாங்கியபின் இது ஆறாவது டைவ். வாடகை ஃபின்தான், வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத வகை. படகில் உட்கார்ந்து போட்டபோது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இறுக்கமாக இருந்தால்தான் கழலாது என்று நானே நினைத்துக்கொண்டேன். 14 மீட்டரில் ஒரு 15 நிமிடம் ஆனதும் இரண்டு சுண்டுவிரலும் எரிய ஆரம்பித்தன. விரல்களை மடக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமானது.

அந்த நேரம் பார்த்து இடப்பக்கத்தில் ஓர் ஆமை எழுந்து வந்தது. வழிகாட்டி சிலிண்டரைத் தட்டிக் கூப்பிடுகிறார், எல்லோரும் திரும்புகிறார்கள். நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்தபோது அதன் பின்துடுப்புகள் மட்டும் தெரிந்தன, அப்புறம் அதுவும் இல்லை. மேலே வந்து கழற்றினால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வலி இரண்டு நாளில் போய்விட்டது, அந்த ஆமைதான் மனதை விட்டுப் போகவில்லை. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கப் போகிறேன். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

நங்கூரம்:
எனக்கு நேர்மாறு. கழன்றே போய்விட்டது. பின்னால் ஸ்ட்ராப் வைத்த, குதிகால் திறந்த ஃபின். வாங்கும்போது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவிங் பூட்ஸ் போட்டுத்தான் அளவு பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று 3 மில்லிமீட்டர் பூட்ஸோடு போனேன். படகு விளிம்பிலிருந்து காலை எட்டி வைத்துக் குதித்தேன். நுரை அடங்கியதும் வலது கால் லேசாக இருந்தது. கீழே பார்த்தால் ஃபின் மெதுவாகச் சுழன்றுகொண்டே இறங்குகிறது. கனமான ரப்பர், மிதக்காது. ஒரு காலால் உதைத்தால் உடம்பு ஒரு பக்கமாகவே திரும்பியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். என்னால், என்னோடு ஜோடியாக இறங்கியவரும் அன்றைய டைவை விட வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கடற்குருவி, ஸ்ட்ராப்பை நன்றாக இழுத்துக் கட்டுங்கள்.

பவளத்திட்டு:
நங்கூரம் அண்ணா, மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டுவது மருந்தல்ல. பாதம் போகும் பை தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் உள்ளே கால் ஆடும். குதிகால் நரம்பு மட்டும்தான் வலிக்கும். நீங்கள் அன்றைக்கு பூட்ஸை மாற்றியதுதான் காரணம்.

முழுப்பாத ஃபினையும் வில்லனாக்க வேண்டாம். நான் 3 வருடமாக அதைத்தான் போடுகிறேன், உள்ளே மெல்லிய நியோப்ரீன் (நுரை ரப்பர்) சாக்ஸ். ஒரு கொப்புளம் கிடையாது. நான் பட்ட கஷ்டம் பிளேடால், அதாவது ஃபினில் தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதியால் வந்தது. நல்ல டைவர்கள் எல்லாம் விறைப்பான பிளேடு போடுகிறார்கள் என்று நானும் அதையே வாங்கினேன். மூன்றாவது டைவில் எதிர் நீரோட்டம், கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. மூச்சுவிட வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டருக்குள்ளேயே கத்தினேன். ஜோடியாக வந்த அக்கா என் முழங்காலை நீட்டி, ஃபின் நுனியைப் பிடித்து என் பக்கமாக வளைத்துத் தள்ளினார். அந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது இப்போதும் காலில் நினைவிருக்கிறது. பயிற்சியில் நானும் அதைச் செய்து காட்டித் தேர்ச்சி பெற்றவள்தான், அந்த நிமிடத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

ஆழ்நீர்:
என் கதை சின்னது. பிளாஸ்டிக் பக்கிள் படகிலேயே உடைந்தது, அன்று டைவ் இல்லை. அதற்குப் பிறகு ஸ்பிரிங் ஸ்ட்ராப்புக்கு மாறினேன், அவ்வளவுதான்.

ஆனால் கடற்குருவி வாங்கப் போவதால் சொல்கிறேன். ஃபின்னில் போட்டிருக்கும் அளவு எழுத்தை நம்பாதீர்கள், ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். எந்த பூட்ஸோடு டைவ் செய்யப் போகிறீர்களோ அதையே கொண்டுபோங்கள், முடிந்தால் நனைத்துப் போடுங்கள். காய்ந்த பூட்ஸ் பையில் சிக்கி நிற்கும், இறுக்கம் சரியாகத் தெரியாது. உட்கார்ந்து காலைத் தூக்கி, ஸ்ட்ராப்பைப் பின்னால் மாட்டாமல் பாதத்தை மெதுவாக ஆட்டுங்கள். ஃபின் உடனே விழுந்தால் பெரிது. விரல்களை அசைக்க முடியாவிட்டால் சிறிது. புறங்காலின் மேல் எங்காவது அழுத்தினால் வேண்டவே வேண்டாம், போகப் போகப் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குறைந்தது 10 நிமிடம் போட்டுக்கொண்டே இருங்கள். கடையில் சும்மா உறுத்துவது தண்ணீரில் காயமாகும். இன்னொன்று, நியோப்ரீன் ஆழத்தில் அமுங்கும். 18 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைவிட 2.8 மடங்கு. மேலே கச்சிதமாக இருந்த தடித்த பூட்ஸ் கீழே கொஞ்சம் மெலிந்துவிடும், ஸ்ட்ராப் தளர்ந்தது போல இருக்கும். ஸ்பிரிங் அதைத் தானாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. எடையையும் பாருங்கள். கால் தானாகவே கீழே தொங்குகிறவர்கள் கனமான ரப்பர் ஃபின் போட்டால் இன்னும் தொங்கும். பிளேடு நடுத்தர விறைப்பு போதும். இடுப்பிலிருந்து உதைக்காமல் சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கி உதைத்தால் எந்த ஃபின்னும் வேலை செய்யாது, அதை முதலில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் பிளந்த ஃபின் வாங்காதீர்கள். தவளை போலக் கால்களை விரித்து உதைக்கவும் சரிப்படாது, பின்னோக்கிப் போகவும் முடியாது.

மெல்லலை:
ஆழ்நீர் ஐயா, பிளந்த ஃபினை இப்படி ஒரே வரியில் ஒதுக்க வேண்டாம். எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பத் தண்ணீரில் இறங்கிய முதல் நாள், சாதாரண பிளேடு ஒவ்வொரு உதைக்கும் முழங்காலைப் பிடித்து இழுத்தது. பிளந்ததைக் கடன் வாங்கிப் போட்டேன். சின்னச் சின்ன வேகமான உதை போதும், கால் கனமே தெரியவில்லை. முகமூடிக்குள் கண்ணீர் வந்துவிட்டது. பின்னோக்கிப் போக முடியாது என்பது உண்மைதான். பவளப்பாறைக்குக் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.

ஆழ்நீர்:
முழங்கால் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். உங்களுக்கு அதுதான் சரி. புதியவர்களுக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

கடற்குருவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பூட்ஸை நனைத்து எடுத்துப்போய் மூன்று ஜோடி போட்டுப் பார்த்தேன். முதலாவது புறங்காலில் அழுத்தியது, உடனே கழற்றினேன். இரண்டாவது ஆட்டியதும் விழுந்தது. மூன்றாவதில் சுண்டுவிரல் தாராளமாக அசைகிறது, 10 நிமிடம் போட்டும் எங்கும் உறுத்தவில்லை. ஸ்பிரிங் ஸ்ட்ராப், நடுத்தர பிளேடு. அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போகிறோம். பவளத்திட்டு, அந்தச் சாக்ஸை பூட்ஸுக்குள்ளும் போடலாமா, அல்லது அளவு மாறிவிடுமா?