ட்ரை ஃபுட்டை முகர்ந்துவிட்டு விலகும் 9 வயது நாய்: வெட் ஃபுட்டுக்கு மாற்றலாமா?

மதுரைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மணி நாட்டு நாய், ஆண், 9 வயது, 12 கிலோ. குட்டியிலிருந்தே இரண்டு வேளையும் ட்ரை ஃபுட்தான். கொஞ்ச நாளாகக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். பசி இல்லாமல் இல்லை, தயிர் சாதம் வைத்தால் உடனே காலி. கடைக்காரர் "வயசாகிடுச்சு, கிரேவி பாக்கெட்டுக்கு மாத்திடுங்க" என்கிறார். ஆனால் பாக்கெட்டில் புரதம் 8% என்று போட்டிருக்கிறது. நாங்கள் வாங்கும் ட்ரை ஃபுட்டில் 24%. இதைக் கொடுத்தால் இளைத்துவிட மாட்டானா? மாமியார் சோறே போதும் என்கிறார். என்ன செய்யலாம்?

கோவை தம்பி:
அந்த 8-ஐயும் 24-ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது அக்கா. கிரேவி பாக்கெட் மாதிரி வெட் ஃபுட்டில் ஏறக்குறைய 80% தண்ணீர். 100 கிராமில் தண்ணீர் போக மிஞ்சுவது 20 கிராம், அதில் 8 கிராம் புரதம். அதாவது 40%. ட்ரை ஃபுட்டில் ஈரம் 10% அளவுதான். மீதி 90 கிராமில் 24 என்றால் 27% வரும். ஆகப் புரதத்தில் பாக்கெட் குறைந்ததில்லை.

பிரச்சினை கலோரியில் இருக்கிறது. ட்ரை ஃபுட் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, கிரேவியில் 80, 90தான். 12 கிலோ நாய்க்கு நாளுக்கு 650, 700 கலோரி தேவைப்படும். ட்ரை ஃபுட் என்றால் 190 கிராமில் முடிந்துவிடும். கிரேவி மட்டும் என்றால் 800 கிராம், 80 கிராம் பாக்கெட்டில் பத்து! ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 400 ஆகிறது. ஒன்றிரண்டு பாக்கெட்டை மட்டும் ஊற்றி நிறுத்தினால்தான் இளைப்பான்.

இன்னொன்று, பாக்கெட்டின் பின்பக்கம் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது மேலே ஊற்றிக் கொடுக்கத்தான், முழு உணவு ஆகாது.

தஞ்சாவூர் அக்கா:
கணக்கெல்லாம் சரி தம்பி, ஆனால் எனக்கு வேறு சந்தேகம். மெத்தென்ற சோற்றைத் தின்கிறான், கடிக்க வேண்டியதை விடுகிறான். வாய் நாற்றம் இருக்கிறதா? எடுத்த துண்டைக் கீழே போடுகிறானா? ஒரு பக்கமாகவே மெல்லுகிறானா? உதட்டைத் தூக்கிக் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். பல் வலியோடு இருக்கும் நாய்க்குக் கிரேவி ஊற்றினால் சாப்பிட்டுவிடும், நோய் மட்டும் உள்ளே வளரும். ட்ரை ஃபுட் தின்றால் பல் சுத்தமாகும் என்று நம்பி இருக்க வேண்டாம். நாம் முறுக்கு தின்றால் பல் துலக்கியது ஆகுமா? அப்புறம், வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறான், எடை குறைகிறது என்றால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்த வயதில் சிறுநீரகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

மதுரைவாசி:
அக்கா, வாய் நாற்றம் இருந்தது. வயதுக்கு அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். கடைவாய்ப் பல்லில் காரை (படிந்து இறுகிய அழுக்கு) தடித்து ஈறு வீங்கியிருக்கிறது, ஒரு பல் ஆடுகிறது. ரத்தம் பார்த்துவிட்டு, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யலாம் என்றார். அதுவரை எதைக் கொடுப்பது?

தஞ்சாவூர் அக்கா:
நல்லவேளை போனீர்கள். இப்போதைக்கு அதே ட்ரை ஃபுட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மசிந்ததும் கொடுங்கள். பால் ஊற்ற வேண்டாம், பல நாய்களுக்கு வயிறு கழியும். வாசனைக்கு இரண்டு ஸ்பூன் கிரேவி கலக்கலாம். மாமியாரிடம் சண்டை வேண்டாம். உப்பில்லாத வேகவைத்த கோழியும் சோறும் சில நாளைக்குத் தப்பில்லை. ஆனால் மாதக்கணக்கில் அதுவே என்றால் கால்சியமும் மற்ற சத்துகளும் போதாது. சாம்பார், குழம்பு மட்டும் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

கோவை தம்பி:
பல் வேலை முடிந்த பிறகு நிரந்தரமாகக் கலந்து கொடுப்பதென்றால், 150 கிராம் ட்ரை ஃபுட்டோடு இரண்டு பாக்கெட் கிரேவி கணக்குக்குச் சரியாக வரும். மேலே ஊற்றிவிட்டு ட்ரை ஃபுட்டைக் குறைக்காமல் விட்டால் எடை ஏறும். ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மதுரை வெயிலில் ஊறவைத்ததோ கிரேவியோ அரை மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் கிடக்க வேண்டாம், எடுத்துக் கொட்டிவிடுங்கள். பிரித்த பாக்கெட் ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். எறும்பு வந்தால் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.

மதுரைவாசி:
ஊறவைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டான். சுத்தம் செய்ய அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.