நைட்ரோ ட்ரக்கியை எலெக்ட்ரிக் ஆக்குகிறேன்: பேட்டரி ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?

புழுதிக்காடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய 1/8 நைட்ரோ ட்ரக்கி (நைட்ரோ எரிபொருள் இன்ஜினில் ஓடும் ரிமோட் வண்டி) இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிஃப் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), ஷாக், ஆர்ம் எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. போனது இன்ஜின் மட்டும்தான், கம்ப்ரஷனே இல்லை, சூடேறினால் அணைந்துவிடுகிறது. புது இன்ஜின் வாங்கிப் போடலாம் என்றால் எரிபொருளுக்கு அலைவது அதைவிடப் பெரிய பாடு, கூரியர்காரர்கள் நைட்ரோமீத்தேன் என்ற பெயரைக் கேட்டாலே பார்சலைத் தள்ளி வைக்கிறார்கள். அதனால் எலெக்ட்ரிக்குக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து ஹாபிவிங் மேக்ஸ்8 ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 4274 சைஸ் 2200 கேவி (வோல்டுக்கு 2200 சுற்று) மோட்டாரும் வாங்கியாகிவிட்டது. 4எஸ்-இல்தான் (நான்கு செல் தொடராக உள்ள பேட்டரி) ஓட்டப் போகிறேன்.

இப்போது சேசிஸ் தட்டை வெறுமையாக்கி மேசையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனதில் மூன்று வழி இருக்கிறது. முதலாவது, மோட்டாரை இன்ஜின் இருந்த இடத்திலேயே (சென்டர் டிஃபுக்குப் பின்னால், வலது பக்கம்) வைத்துவிட்டு, இடது பக்கம் ரேடியோ பெட்டி இருந்த இடத்தில் ஒரே 4எஸ் பேட்டரி. இரண்டாவது, இரண்டு 2எஸ் பேட்டரிகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் படுக்க வைப்பது. மூன்றாவது, இந்தத் தட்டையே தூக்கிப் போட்டுவிட்டு 3 மி.மீ. அலுமினியத்தில் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்வது. நான் கோயம்புத்தூரில்தான் இருக்கிறேன், வெட்டித் தர ஆள் இருக்கிறார்கள், ஆனால் வரைபடம் நான்தான் கொடுக்க வேண்டும். எதில் போகலாம்? எடை இடது வலது சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் முக்கியக் கவலை, பழைய வண்டி குதித்தால் நேராகத் தரையிறங்கும், அது கெடக் கூடாது.

பினியன்_14 எழுதியது:

பேட்டரியில் தொடங்காதீர்கள் தம்பி, எல்லோரும் செய்கிற தவறு அது. மோட்டார் எங்கே உட்காரும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, பல்சக்கரம்தான் தீர்மானிக்கும். நைட்ரோவில் இன்ஜின் முனையிலுள்ள கிளட்ச் பெல்லும் ஸ்பரும் (சென்டர் டிஃபில் இருக்கும் பெரிய பல்சக்கரம்) மாட் 1 பல்தான் (பல் ஒன்றுக்கு விட்டம் 1 மி.மீ. என்ற அளவு), எலெக்ட்ரிக் பினியனும் (மோட்டார் முனையில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) 5 மி.மீ. துளையோடு மாட் 1-இல் கிடைக்கும், அதனால் உங்கள் ஸ்பர் அப்படியே இருக்கலாம். ட்ரக்கி என்றால் ஸ்பர் 50 பல் என்று வைத்துக்கொள்கிறேன், பினியன் 14. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 32. அதாவது மோட்டார் ஷாஃப்டின் மையம் நடுக்கோட்டிலிருந்து 32 மி.மீ.யில்தான் இருந்தாக வேண்டும். மோட்டார் 42 மி.மீ. தடிமன் என்பதால் அதன் உள் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 11 மி.மீ., பின்பக்க டிரைவ் ஷாஃப்ட் அந்த இடைவெளியில் தாராளமாகச் சுற்றும்.

இனி எடைக் கணக்கு. எடையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள். மோட்டார் சுமார் 400 கிராம், 32 மி.மீ.யில், ஆக 12,800. ஈஎஸ்சியை அதே பக்கம் டேங்க் இருந்த இடத்தில் வைத்தால் ஒயரோடு 170 கிராம், 35 மி.மீ.யில், ஏறக்குறைய 6,000. மொத்தம் ஏறக்குறைய 18,800. எதிர்ப்பக்கம் 4எஸ் 5000 பேட்டரி 520 கிராம், 48 மி.மீ. அகலம், நடுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. தள்ளி வைத்தால் அதன் மையம் 34 மி.மீ.யில் வரும், ஆக 17,700. பக்கத்துக்குப் பக்கம் சரியாகப் போச்சு. உங்கள் முதல் வழியே போதும்.

இதைவிட முக்கியம் ஒன்று: மோட்டார் மவுண்டை சேசிஸ் தட்டில் தனியாகப் பிடிக்காதீர்கள், சென்டர் டிஃப் மவுண்டோடு சேர்த்து ஒரே கட்டையாக இருக்கட்டும். தட்டு ஒவ்வொரு குதிப்பிலும் வளைகிறது. மோட்டார் ஒரு திருகிலும் டிஃப் வேறு திருகிலும் நின்றால் அந்த வளைவில் பல் விலகிக் கூடி, ஒரே மாலையில் ஸ்பர் மொட்டையாகிவிடும். நான் அப்படி இரண்டு ஸ்பர் தின்றவன்.

மேக்ஸ்காரன் எழுதியது:

நான் இரண்டாவது வழியின் ஆள், அதனால் அதற்காகப் பேசிவிடுகிறேன். ட்ராக்ஸஸ் ஈ-மேக்ஸ், எச்பிஐ சாவேஜ் ஃப்ளக்ஸ் இரண்டிலும் பேட்டரி பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது, அது தற்செயல் இல்லை. படுக்க வைத்த 2எஸ் பேட்டரி 25 மி.மீ. உயரம்தான், எடையின் மையம் தட்டிலிருந்து 12 மி.மீ. சொச்சத்தில் இருக்கும். 4எஸ் செங்கல் 50 மி.மீ. உயரம், மையம் 25-க்குப் போய்விடுகிறது. திருப்பத்தில் கவிழ்கிற வண்டிக்கு இந்த 12 மி.மீ. நிறையவே தெரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டும் மான்ஸ்டர் ட்ரக். சாவேஜில் இரண்டு செங்குத்துத் தகடுகளுக்கு நடுவே மோட்டாரும் கியர்பாக்ஸும் அடைந்துகொள்கின்றன, இரண்டு பக்கமும் வெளியே காலி. ட்ரக்கியின் தட்டையான சேசிஸில் மோட்டாரே ஒரு பக்கத்தைப் பாதி தின்றுவிடுகிறது. 74 மி.மீ. மோட்டாருக்கு முன்னால் இன்னொரு 139 மி.மீ. பேட்டரி நீளவாக்கில் நிற்குமா என்று அளந்து பாருங்கள், நிற்காது என்றுதான் நினைக்கிறேன். நின்றாலும் ஈஎஸ்சிக்கு இடம் எங்கே? மேலே தூக்கி வைத்தால் கீழே மிச்சம் பிடித்ததை மேலே செலவழித்த கதைதான்.

இரண்டு பேட்டரியில் ஒரு வில்லங்கம் வேறு. தொடராக இணைத்தால் ஈஎஸ்சி மொத்த வோல்டேஜை மட்டும்தான் பார்க்கும். ஒன்று தளர்ந்த பேட்டரியாக இருந்தால் அது செல் ஒன்றுக்கு 3 வோல்டுக்குக் கீழே போய்ச் செத்துக்கொண்டிருக்கும், நல்லது அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், கட்ஆஃப் (வோல்டேஜ் இறங்கினால் ஈஎஸ்சி தானே நிறுத்துவது) வராது. ஜோடியாக வாங்கி, ஜோடியாக எண் எழுதி, ஜோடியாகவே சார்ஜ் போட வேண்டும்.

அரைவட்டம் எழுதியது:

பினியன் அண்ணா, கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்பரை மறந்துவிட்டீர்கள். மாட் 1-இல் 50 பல் என்றால் வெளிவிட்டம் 52 மி.மீ., நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 26 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். டிஃப் மவுண்டையும் சேர்த்தால் 30 ஆகும். டிஃபை ஒட்டிப் போகிற 139 மி.மீ. பேட்டரியை 10 மி.மீ.யில் எப்படி வைப்பீர்கள்? 30-க்கு வெளியேதான் வைக்க முடியும், அப்போது மையம் 54. 520-ஐ 54-ஆல் பெருக்கினால் 28,000. மோட்டார் பக்கம் 18,800. வண்டி இடது பக்கம் சாய்ந்துதான் பறக்கும்.

பினியன்_14 எழுதியது:

அட ஆமாம். என் வண்டியில் டிஃப் நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும், பேட்டரி முழுக்க அதற்கு முன்னால் நின்றுவிடும், அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டேன். புழுதிக்காடு, டிஃப் மவுண்டின் முன் முகத்திலிருந்து ஸ்டியரிங் சர்வோ (முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டி) வரைக்கும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். எல்லாமே அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

புழுதிக்காடு எழுதியது:

அளந்தேன். 110 மி.மீ. இருக்கிறது. 139 நுழையாது. டிஃபை ஒட்டி வெளியே தள்ளினால் பேட்டரி தட்டின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது, ஒரு கல்லில் உரசினால் போதும். அப்படியென்றால் புதுத் தட்டுதானா? டிஃபைப் பின்னால் நகர்த்தினால் இரண்டு டிரைவ் ஷாஃப்டின் நீளமும் மாறும், அது வேறு செலவு.

அரைவட்டம் எழுதியது:

தட்டை வெட்டுவதற்கு முன் ஷார்ட்டி (நீளம் குறைந்த) பேட்டரியைப் பாருங்கள். 2எஸ் ஷார்ட்டி 96 மி.மீ. நீளம், 47 அகலம், 25 உயரம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொடராக இணைத்தால் 4எஸ், உங்கள் 110-க்குள் அடங்கும், டிஃபுக்கு முன்னால் இருப்பதால் ஷாஃப்டை ஒட்டி 10 மி.மீ.க்கே வந்துவிடும். இரண்டும் சேர்ந்து சுமார் 400 கிராம், மையம் 34-இல், ஆக 13,600. ஸ்டியரிங் சர்வோ இடது பக்கம்தானே? 65 கிராம், 40 மி.மீ.யில், இன்னொரு 2,600. மொத்தம் 16,200, எதிர்ப்பக்கம் 18,800. மிச்ச வித்தியாசத்துக்கு ரிசீவர் பெட்டியை இடது பக்க விளிம்பில் வையுங்கள், பாதி தீர்ந்துவிடும். மீதியை ஓட்டும்போது கண்டுபிடிக்கிறவன் உலக சாம்பியன்தான்.

இழப்பு என்ன என்றால் ஓடும் நேரம். 5000 எம்ஏஎச் இருந்த இடத்தில் 4000 பக்கம்தான் கிடைக்கும். மேக்ஸ்காரன் சொன்ன ஜோடி சமாச்சாரமும் இதற்குப் பொருந்தும். உயரமும் அதே 50 மி.மீ.தான், ஆக அவர் சொன்ன கவிழ்கிற பிரச்சினை தீரவில்லை, 120 கிராம் குறைந்ததுதான் ஆறுதல்.

ஒயர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடம் ஒதுக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் ஒயர் நீளக் கூடாது, நீண்டால் ஈஎஸ்சியின் கெபாசிட்டர்கள் அடி வாங்கும். நீட்ட வேண்டுமானால் ஈஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள மூன்று ஒயரை நீட்டுங்கள். உங்கள் அமைப்பில் ஈஎஸ்சி முன்னால் வலது, பேட்டரி முன்னால் இடது, நடுவில் ஷாஃப்ட் மட்டும். அதுவாகவே சரியாக அமைந்துவிட்டது.

டேங்க்காலி எழுதியது:

மூன்றாவது வழி பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் வண்டிக்கு எலெக்ட்ரிக் தம்பி இருக்கிறானா என்று முதலில் பாருங்கள். கியோஷோ எம்பி9-க்கு எம்பி9ஈ, அசோசியேட்டட் ஆர்சி8டி-க்கு ஆர்சி8டிஈ என்று பல நைட்ரோ வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வடிவம் வந்திருக்கிறது. அதன் தட்டு, மவுண்ட், பேட்டரி ட்ரே உங்கள் கியர்பாக்ஸுக்கு அப்படியே பொருந்தும் வாய்ப்பு அதிகம், துளையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்படி ஒன்று இல்லாத காலத்தில் டெக்னோ ஆர்சி போன்றவர்கள் மாற்றும் கிட் விற்றுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார்கள், பழைய கிட்கள் இன்னும் அங்கங்கே கிடைக்கும்.

நீங்களே வெட்டுவதானால் 7075 ரக அலுமினியம் கேளுங்கள். 6061 எளிதில் கிடைக்கும், ஆனால் பெரிய குதிப்பில் வளைந்து அப்படியே நின்றுவிடும். பழைய தட்டையே வைத்துக்கொண்டால் ஃப்ளைவீலுக்காக வெட்டிய ஓட்டையை அடியிலிருந்து மெல்லிய தகடு வைத்து மூடுங்கள். நான் மூடாமல் ஓட்டினேன், அது சரளைக் கல்லை அள்ளி நேராக ஸ்பருக்கு ஊட்டியது. பேட்டரிக்கு அடியில் ஒரு திருகுத் தலைகூட மேலே எட்டிப் பார்க்கக் கூடாது, கெட்டி உறை போட்ட ஹார்ட்கேஸ் பேட்டரியாக இருந்தாலும்.

புழுதிக்காடு எழுதியது:

என் மாடலுக்கு எலெக்ட்ரிக் தட்டு வந்திருக்கிறது, ஆனால் இப்போது எங்கும் ஸ்டாக் இல்லை, வெளிநாட்டிலிருந்து எடுத்தால் கஸ்டம்ஸோடு சேர்த்து பேட்டரி விலையைத் தாண்டுகிறது. அதனால் ஷார்ட்டி அடுக்குதான். அட்டைப்பெட்டியை வெட்டி 96க்கு 47க்கு 50 அளவில் ஒரு டம்மி செய்து வைத்துப் பார்த்தேன், இடித்துக்கொள்ளாமல் உட்காருகிறது.

பிரேக் பற்றி ஒரு கேள்வி. நைட்ரோவில் சென்டர் டிஃபின் இரண்டு பக்கமும் டிஸ்க் இருந்தது, முன்பக்கம் பின்பக்கம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். இனி அது தேவையா?

பினியன்_14 எழுதியது:

கழற்றிவிடுங்கள். த்ராட்டில் சர்வோவும் போய்விடும், எடை மிச்சம். இனி மோட்டார்தான் பிரேக், அது டிஃப் வழியாகவே நான்கு சக்கரத்துக்கும் போகும். முன் பின் பங்கீட்டை டிஸ்க்கில் வைத்தது போல வைக்க முடியாது, டிஃப் ஆயிலின் கனத்தில்தான் கொஞ்சம் மாற்றலாம். நைட்ரோவில் 7000 கனமுள்ள ஆயில் ஊற்றியிருப்பீர்கள். மோட்டார் தொட்டவுடன் முழு விசையையும் கொடுத்துவிடும், முன் சக்கரம் தூக்கிக்கொண்டு வெறுமனே சுற்றி டயர் பலூன் மாதிரி ஊதும். அதைக் குறைக்க இன்னும் கனமான ஆயில் வேண்டும், நான் 15,000-இல் தொடங்கினேன், அப்புறம் 20,000-க்குப் போனேன்.

வேகம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 4எஸ் 14.8 வோல்ட், 2200 கேவி, நிமிடத்துக்கு 32,560 சுற்று. 50-க்கு 14 பல், டிஃப் விகிதம் 3.3 என்று வைத்தால் 145 மி.மீ. டயரில் காகிதத்தில் மணிக்கு 75 கி.மீ. வருகிறது. மேக்ஸ்8 6எஸ் வரை தாங்கும் என்று படித்துவிட்டு ஆசைப்படாதீர்கள், அது 113 ஆகிவிடும், உங்கள் தெருநாய் பாவம்.

மோட்டார் திருகின் நீளத்தையும் பாருங்கள். மவுண்டின் தடிமனைக் கழித்துவிட்டு வாங்குங்கள், நீண்ட திருகு உள்ளே போய் சுருளைத் தொட்டால் புது மோட்டார் முதல் நாளே புகையும்.

புழுதிக்காடு எழுதியது:

நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. மவுண்டை டிஃபோடு ஒரே கட்டையாக வரைந்து லேத்காரரிடம் கொடுக்கப் போனேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பர் பல்லை எண்ணினீர்களா என்று கேட்டார். இல்லை, நீங்கள் 50 என்றதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மார்க்கரால் ஒரு பல்லில் புள்ளி வைத்து எண்ணினேன், 48 தான். ஆக மையத் தூரம் 31. ஒரு மி.மீ. நகர்த்தி, பினியன் மாற்ற வசதியாக நீளத் துளையாகவும் வரைந்து மறுபடி கொடுத்திருக்கிறேன்.