ஊசி போடும்போது ஆட்டை யார் பிடிப்பது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஓர் ஆட்டுப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன வாரம் பின்னங்கால் முறிந்த பால் ஆடு ஒன்றைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. தினமும் அதைக் கறந்த புதுக்கோட்டைத் தம்பி, மூன்று நாள் அதை வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்து மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறான். நான் பார்த்தபோது ஆடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. வலி தாங்காத ஆடு அப்படித்தான் செய்யும்.

இத்தனைக்கும் ஊரில் ஐயனாருக்குக் கிடா வெட்டிய கை. "அது சாமிக்கு, பிறகு பந்திக்கு. இது யாருக்கு அண்ணே?" என்று கேட்டான். உயிரைப் போக்கும் பெண்டோபார்பிட்டால் ஊசி மருந்தை ஏற்றிய உடலை நாய்க்குக்கூடப் போட முடியாது. என்ன பதில் சொல்வேன்? உயிர் போய்விட்டதா என்று அறிய, மருத்துவர் விழியைத் தொட்டு இமைக்கிறதா என்று பார்த்தபோது ஆட்டின் தலை அவன் மடியில் இருந்தது. அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பண்ணையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: கறந்தவனையே பிடிக்கச் சொல்லலாமா, வேறு ஆளை நிறுத்த வேண்டுமா? எந்த நிலையில் மருத்துவரை அழைப்பது என்று விளக்கும் தமிழ்த் தாள் யாரிடமாவது இருக்கிறதா? படங்களோடு இருந்தால் நல்லது. வங்கதேசத் தம்பிகளும் இங்கே இருக்கிறார்கள்.