பொருள்: தன்னை மாற்றிக்கொள்ளும் முகப்புக்குக் கலைச்சொல் வேண்டும்

ஹட்டன், ஆசிரியை:

அன்பின் நண்பர்களே, உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவருக்கான எங்கள் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டட முகப்பு பற்றிய அத்தியாயத்தில் மூன்று சொற்கள் இன்னும் வெற்றிடமாகவே உள்ளன. அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களில் (2012) குடைபோல் விரிந்து மடியும் மறைப்புகள் சூரியனின் போக்கைத் தொடர்வதை எடுத்துக்காட்டாகத் தந்துள்ளேன். அவ்வியல்புக்கு ஒரு சொல். மடிப்பின் கோணம், பலகைகளின் இடைவெளி முதலியவற்றை மாறக்கூடிய எண்களாக வைத்து, ஓர் எண்ணைத் திருத்தினால் வரைபடம் முழுவதும் தானே திருந்தும்படி கிராஸ்ஹொப்பர் மென்பொருளில் வரையும் முறைக்கு இன்னொன்று. நிபந்தனைகளை மட்டும் கொடுத்து, பற்பல வடிவங்களைக் கணினியையே உருவாக்கச் செய்து, அவற்றுள் நல்லதைத் தெரிவுசெய்யும் முறைக்கு மூன்றாவது.

பேராதனை:

மாறக்கூடிய அவ்வெண்ணைக் (parameter) கணித பாடத்தில் நம் மாணவர் ‘பரமானம்’ என்றே படிக்கிறார்கள். ‘பரமான வடிவமைப்பு’ என்று எழுதிவிடுங்கள். மூன்றாவதற்கு, மின்பிறப்பாக்கியை (generator) அறிந்தவருக்குப் ‘பிறப்பாக்க வடிவமைப்பு’ விளங்கும். முகப்புக்கு, உயிரினம் சூழலுக்கு ஏற்ப மாறுவதைக் குறிக்கும் உயிரியலின் ‘இசைவாக்கம்’ போதும்.

கோயம்புத்தூர்:

பரமானத்தில் வடமொழி வாடை வீசுகிறது. எங்கள் கணித நூல்கள் ‘துணையலகு’ என்கின்றன. இசைவாக்கத்தை நாங்கள் தகவமைப்பு என்போம். ‘தகவமை முகப்பு’ இரு கரையிலும் செல்லும்.

பேராதனை:

அலகு என்றதும் எங்கள் மாணவருக்கு மீற்றரும் கிலோகிராமும் நினைவுக்கு வரும். வடவெழுத்தை விலக்கினால் வடசொல்லும் வழங்கலாம் என்று தொல்காப்பியரே இடங்கொடுத்தபோது, தாங்கள் அவரை விடவும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘இசைமுகப்பு’ என்று வினைத்தொகையாக வையுங்கள். இசைந்த, இசைகின்ற, இசையும் என முக்காலமும் அதனுள் அடங்குவதால், கணந்தோறும் மாறும் ஒரு பொருளுக்கு அதைவிடப் பொருந்திய தொகை வேறில்லை. இனி, அம்முகப்பில் அசையும் உறுப்பு ஒவ்வொன்றையும் ‘காலதர்’ எனலாம். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைச் சாளரங்களை மான்கண்ணுக்கு ஒப்பிட்டு இச்சொல்லை ஆள்கிறது.

ஹட்டன், ஆசிரியை:

ஐயா, இசைமுகப்பு என்றால் அது என்ன பாட்டுப் பாடும் என்று என் வகுப்பில் கேட்பார்கள்.

நுவரெலியா, தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்:

சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வரையும்போது மாறுவது ஒன்று. கட்டி முடித்தபின் மாறுவது வேறொன்று. கணினியில் ஆயிரம் வடிவம் எடுத்துப் பார்த்துக் கட்டிய முகப்பு, கட்டியபின் அசையாமலே நிற்கலாம். எங்கள் பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் கொழுந்து வாட்டுவதற்கு வரிசையாக யன்னல்கள் இருந்தன. காற்று உலர்ந்திருந்தால் திறப்போம், பனிமூட்டம் இறங்கினால் மூடிவிட்டு வெப்பக் காற்றைச் செலுத்துவோம். அங்கே இசைந்தது கட்டடமா, யன்னலில் நின்ற தொழிலாளியா? அதற்கும் அபுதாபிக்கும் ஒரே சொல்லைச் சூட்ட முடியாது.

எடுத்துக்காட்டைப் பற்றியும் ஒரு குறிப்பு. அல் பஹர் கோபுரங்களின் வடபுறத்தில் மறைப்பு இல்லை. கடகக் கோட்டுக்கு வடக்கே இருப்பதால் நண்பகல் வெயில் அங்கே வடக்கிலிருந்து விழாது. இலங்கையில் நாமோ வட அகலக்கோடு 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அகலக்கோட்டையே முதற்பரமானமாகக் கொடுத்து, இரண்டு ஊர்களுக்கும் மாணவர் வரைந்து பார்க்கட்டும்.

கோயம்புத்தூர்:

பிரிவினை சரி. அப்படியானால் ‘தன்னியல் தகவமை முகப்பு’ என்போமா?

ஹட்டன், ஆசிரியை:

தலைப்புக்கு அது நீளம். ‘இசைவாகும் முகப்பு’, ‘பரமான வடிவமைப்பு’, ‘பிறப்பாக்க வடிவமைப்பு’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். தகவமைப்பு, துணையலகு ஆகியவை சொல்லடைவில் இடம்பெறும். கையால் திறப்பதை ‘சரிசெய்யக்கூடிய முகப்பு’ என்று பிரித்து எழுதியுள்ளேன். அகலக்கோட்டுப் பயிற்சியையும் சேர்த்துவிட்டேன்.

பதுளை:

என் வாக்கு இசைமுகப்புக்கே. ‘முகப்பு’ என்பதன் வேரைப் பற்றி இங்கு எவரும் கேட்கவில்லை. அது முகம் என்பதிலிருந்து வந்ததா, முகை என்பதிலிருந்தா என்பதை நாளை விரிவாக எழுதுவேன்.