கியூப் சோதனை அறிக்கையில் கையெழுத்திடுவது குறித்து ஆலோசனை தேவை

குழுவிலுள்ள கட்டடப் பொறியாளர்களுக்கு வணக்கம். ஒப்பந்ததாரர் தரப்பில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். நாங்கள் கட்டிவரும் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத் தூண்களுக்கு எம்25 கான்கிரீட் இட்டோம்; 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய 150 மி.மீ. கியூப்கள் (அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கனசதுரங்கள்) மூன்றும் 18, 19 என்ற அளவிலேயே நொறுங்கிவிட்டன. சிமென்ட் கூடுதலாகச் சேர்த்துத் தனியே வார்த்து வைத்திருந்த கியூப்களை உடைத்து, அந்த எண்களைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுமாறு திட்ட மேலாளர் கூறுகிறார். (அப்படியொரு கையிருப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.)

தூண்களை இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூண்களில் துளையிட்டுக் குறைந்தது மூன்று கோர் (உருளை வடிவ) மாதிரிகள் எடுத்துச் சோதித்து, சராசரி வலிமை குறிக்கப்பட்ட வலிமையில் 85 விழுக்காட்டுக்கும் எந்த ஒரு மாதிரியும் 75 விழுக்காட்டுக்கும் குறையாமல் இருந்தால் ஏற்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐஎஸ் 456 வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்குள் மேல்தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேலாளரைத் தாண்டிக் கட்டமைப்பு ஆலோசகருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவது முறையா, அல்லது முதலில் நிறுவனத்துக்குள்ளேயே என் மறுப்பை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டுமா? இத்தகைய நிலையில் கையெழுத்திட மறுத்தவர்கள், கடிதத்தை எவ்வாறு எழுதினீர்கள் என்பதையும், அனுபவச் சான்றிதழ் தர மறுத்திருந்தால் அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.